உடைந்தால்தான் நல்லது: விமானத்தைத் தள்ளும் கம்பிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பின்

[காட்சி: விமானத்தின் முன்சக்கரத்துக்கும் இழுவண்டிக்கும் நடுவே நீண்ட இரும்புக் கம்பி]

வணக்கம். இருநூறு, முந்நூறு டன் எடையுள்ள விமானத்தை நகர்த்தும் இந்தக் கம்பிக்குள், விரல் பருமனில் ஒரு உலோகப் பின்னை (pin) பொருத்தியிருக்கிறார்கள். குறிப்பிட்ட நேரத்தில் அது உடைந்துபோக வேண்டும், உடையாவிட்டால்தான் ஆபத்து.

முதலில் பின்னணி. ஏணி வண்டி, பெட்டிகளை ஏற்றும் பெல்ட் லோடர், எரிபொருள் வண்டி, பயணிகள் நடந்து ஏறும் பாலமான ஏரோபிரிட்ஜ் என்று தரையில் நிற்கும் விமானத்தைச் சூழ்ந்து வேலை செய்பவை எல்லாம் தரைக் கருவிகள். விமானத்தைப் போலவே அவற்றுக்கும் பராமரிப்பு அட்டவணை உண்டு. பின்னணி முடிந்தது, பின்னுக்கு வருவோம்.

பெரிய விமானங்களைத் தள்ளும் இழுவண்டி ஐம்பது டன்னையும் தாண்டக்கூடும், ஏனெனில் அந்த எடை அழுத்தினால்தான் அதன் டயர்கள் வழுக்காமல் தரையைப் பற்றும். ஓட்டுநர் ஒரு கணம் அதிகமாக முறுக்கினாலோ, முன்சக்கரத்தை அனுமதித்த கோணத்துக்கு மேல் திருப்பினாலோ, அத்தனை விசையும் நேராக முன்சக்கரக் காலில் போய் இறங்கும். அந்தக் காலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தால், அதன் விளைவு அடுத்த தரையிறக்கத்தில்தான் தெரியவரும். ஆகவேதான் இழுவிசைக்கு ஒன்றும் திருப்புவிசைக்கு ஒன்றுமாகக் கம்பியின் தலைப்பகுதியில் ஷியர் பின்களை வைத்திருக்கிறார்கள். விசை வரம்பை மீறினால் முதலில் அந்தப் பின் அறுந்து, முன்சக்கரக் காலைக் காப்பாற்றிவிடும்.

வீட்டில் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று அந்தக் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டு, “இனிமேல் போகவே போகாது” என்று பெருமைப்படுபவர் உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஃப்யூஸ் போகாது, வீடுதான் போகும். ஷியர் பின் அறுந்த துளையில் அதே அளவுள்ள சாதாரண போல்ட்டை மாட்டுவதும் அதே வேலைதான்: பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, துளையிலும் கச்சிதமாக உட்காரும், ஆனால் காவலாளியை அனுப்பிவிட்டு அவருடைய சட்டையை மட்டும் வாசலில் மாட்டி வைத்ததற்குச் சமம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முரண் இதுதான்: இங்கே பராமரிப்பாளர் கட்டிக்காக்க வேண்டியது ஒரு பலவீனத்தை.

அந்தப் பலவீனம் மிஞ்சவும் கூடாது. பல குலுக்கல்களில் வளைந்து தேய்ந்த பின், சாதாரண விசையிலேயே பாதி வழியில் அறுந்துவிடலாம். அப்போது கம்பியின் பிடியை விட்டு விமானம் தன்பாட்டில் உருளும். விமானிகள் பிரேக் அழுத்துவார்கள். அந்த நேரத்தில்தான் பணிப்பெண்கள் நடைபாதையில் நின்று சீட் பெல்ட் மாட்டுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கவனிக்காமல் கைப்பேசியைப் பார்க்கும் அதே நேரம்தான், ஆமாம்.

ஏரோபிரிட்ஜிலும் இத்தகைய சிறு காவலாளி ஒன்று உண்டு: எரிபொருளோ சரக்கோ ஏறும்போது விமானம் தாழும், திறந்த கதவு கீழே வைத்த சிறு உணரியை அழுத்தியதும் பாலம் தானாக இறங்கிக்கொள்ளும். அது பழுதானால் கதவு பாலத்தில் மாட்டிக்கொள்ளும்.

[காட்சி: எரிபொருள் வண்டியின் வடிகட்டி, உள்ளே தெரியும்படி]

இன்னொரு காவலாளியின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தால் அதை உறிஞ்சி உப்பி, குழாயையே அடைத்துவிடும் பாலிமர் நிரப்பிய வடிகட்டிகள் இருந்தன. குழந்தைகளின் டயாபரில் இருப்பதைப் போன்ற பொருள்தான். 2010 ஏப்ரல் 13 அன்று இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹாங்காங் சென்ற கேதே பசிபிக் நிறுவனத்தின் 780 விமானத்துக்கு நிரப்பிய எரிபொருளில், விமான நிலையத்தின் நிலத்தடி எரிபொருள் குழாய் விரிவாக்கத்தின்போது புகுந்த உப்புத் தண்ணீர் கலந்திருந்தது. உப்புத் தண்ணீரிடம் அந்தப் பாலிமர் தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை; அடைக்க வேண்டிய வடிகட்டியை விட்டுவிட்டு, நுண்ணிய உருண்டைகளாக எரிபொருளோடு சென்று, என்ஜின்களுக்குள் எரிபொருளை அளந்துவிடும் வால்வுகளை இறுக்கிப் பிடித்தது. ஒரு என்ஜினில் விசை கூடவில்லை, மற்றதில் குறையவில்லை. வழக்கமாக 140 நாட் அளவில் இறங்கும் அந்த ஏ330 ரக விமானம், 231 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 428 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையைத் தொட்டது. 322 பேரும் உயிர் பிழைத்தார்கள். அவசரமாக வெளியேறும்போது பலருக்குக் காயம் ஏற்பட்டது. பைலட்களின் திறமையை எல்லோரும் பாராட்டினார்கள், நானும் பாராட்டுகிறேன்; ஆனால் இந்தக் கதை தொடங்கிய இடம் வானமல்ல, தரைக்கு அடியில் இருந்த ஒரு குழாய். அந்த வகை வடிகட்டிகளை விமான எரிபொருள் துறை பின்னர் படிப்படியாகக் கைவிட்டது.