வான் மட்டமும் வீட்டு நிலமும்

வணக்கம் நேயர்களே.

ஆவணி மாதத்தில் காணி பார்க்கப் போகிறவருக்கு வன்னியில் எல்லாக் காணியும் மேட்டுக்காணிதான். புழுதி பறக்கும். கிணற்றுத் தண்ணீர் எங்கேயோ அடியில் கிடக்கும். அதே காணியில் கார்த்திகைக் கடைசியில் அடுப்படிக்குள் தவளை நிற்கும். "வெள்ளம் வருமோ?" என்று கேட்டால், "குளம் அரை மைல் தள்ளியெல்லோ இருக்கு" என்று மறுமொழி வரும். இதில் தூரம் கணக்கில்லை, உயரம்தான் கணக்கு.

முதலில் குளத்துக்கு மேற்பக்கம், தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரையை எடுப்போம். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம்தான் வான். வானுக்கு மேலால் 2 அடித் தண்ணீர் பாய்கிறதென்றால், குளத்துக்குள்ளும் வான் மட்டத்துக்கு மேலே குறைந்தது 2 அடி ஏறி நிற்கிறது. நிலம் 200 அடிக்கு 1 அடி என்று சரிந்திருந்தால், அந்த 2 அடி ஏற்றம் தண்ணீரை 400 அடி தூரம் காணிக்குள் கொண்டுவரும். குளம் நிரம்பியிருந்த நாளில் பார்த்த கரை, கடைசிக் கரையல்ல.

குளக்கட்டுக்குக் கீழ்ப்பக்கம் கதை வேறு. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்கு நேரே உள்ள காணியில் ஊற்றுத்தான் பெரும்பாலும் தொல்லை. நிலம் ஓதமாகவே கிடக்கும். வான் பாய்ந்து ஓடும் பள்ளம் அதைவிட ஆபத்து. பல வருடம் வான் பாயாத குளமென்றால் அந்தப் பள்ளம் பற்றைக் காடாகிப் பிறகு வேலியடைத்த காணியாகிவிடும். தண்ணீருக்கு வேலி தெரியாது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கனகராயன் ஆறு தன் பழைய அகலத்தை எடுத்துக்கொண்டுதான் கண்டாவளைப் பக்கம் போனது. சிறு குளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொடுத்துக் கிடக்கும் ஊர்களில், மேல் குளத்தின் கட்டு உடைந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் கீழ்க் குளத்தின் தலையில் விழும். ஆகவே உங்கள் குளத்தை மட்டும் விசாரித்தால் போதாது, அதற்கு மேலே எத்தனை குளம் என்றும் கேளுங்கள். 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறு குளமென்றால் கமநல சேவை நிலையத்தில் கேட்கலாம். பெரிய குளமென்றால் நீர்ப்பாசன அலுவலகம்.

குளமே இல்லாத இடத்திலும் வீதி குளமாக்கும். உயர்த்திப் போட்ட வீதி ஒரு கட்டுத்தான். வீதிக்கு அடியால் தண்ணீர் போகும் மதகுதான் அதன் துருசு. 50 ஏக்கரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 2 கோடி லீற்றர். பாதி மண்ணில் சுவறினாலும் மிச்சம் 1 கோடி. 2 அடிக் குழாய் ஒன்று நன்றாக ஓடினால் மணிக்குப் பதினைந்து இலட்சம் லீற்றர் வரை கடத்தும். அப்படியும் ஆறேழு மணித்தியாலம் வேண்டும். குழாயில் பாதிக்கு மண் நிறைந்திருந்தால் அதன் இரட்டிப்புக்கும் மேல். அவ்வளவு நேரமும் வீதிக்கு மேற்பக்கத்து வீடுகளில்தான் தண்ணீர் காத்திருக்கும். காணி பார்க்கும்போது மதகுக்குள் குனிந்து பாருங்கள். மறுபக்க வெளிச்சம் வட்டமாகத் தெரியவேண்டும், பிறையாகத் தெரியக்கூடாது.

நந்திக்கடல், நாயாறு களப்புகளின் ஓரத்தில் இருப்பவர்களுக்கு, களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டுப்பட்டதா இல்லையா என்பதுதான் முக்கியம். மணல் அடைத்திருந்தால் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறும்.

சரி, உயரத்தை எப்படி அளப்பது? குளம் வான் பாயத் தொடங்குகிற அன்று, காற்றில்லாத காலை நேரம், அலைகரையில் தண்ணீர் விளிம்பில் ஒரு முளை அடியுங்கள். அதுதான் வான் மட்டம், செலவில்லாத அளவை. பிறகு மேசன்மார் பாவிக்கும் மட்டக்குழாய், தெளிவான குழாயில் 15 மீற்றர் போதும். தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை முளையடியிலும் மறு முனையைக் காணிப் பக்கமும் பிடியுங்கள். முளையடியில் தண்ணீர் நிலத்திலிருந்து 4 அடி உயரத்தில் நின்று, மறு பக்கம் 2½ அடியில் நின்றால், அந்த இடம் முளையைவிட 1½ அடி மேடு. அங்கே இன்னொரு முளை, பிறகு அடுத்தது என்று போகவேண்டியதுதான். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் கணக்குப் பொய்க்கும். இரு முனையையும் சேர்த்துப் பிடித்துச் சரிபார்த்த பிறகே தொடங்குங்கள்.

அக்கம்பக்கச் சுவரிலுள்ள வெள்ளக் கோட்டையும் இதே குழாயால் உங்கள் காணிக்குக் கொண்டுவரலாம். ஆனால், 2008 நவம்பர் நிஷா புயல் நேரம் வன்னிச் சனம் பெரும்பாலும் இடம்பெயர்ந்து இருந்தது. "இஞ்ச வெள்ளம் வந்ததே இல்லை" என்பவர் அப்போது இங்கே இருந்தாரா என்று கேட்டுவிடுங்கள். மரமும் புல்லும் இடம்பெயர்வதில்லை. மருதும் கோரையும் நின்றால் தண்ணீர் வந்து தங்கும் இடம். பாலையும் முதிரையும் உயிருள்ள கறையான் புற்றும் இருந்தால் நல்ல குறி.

கிடைத்த உயர்ந்த அடையாளத்துக்கு மேலே ஒன்றரை அடியிலாவது வீட்டு நிலம், அதாவது வீட்டுத் தரை, வரட்டும். அத்திவாரத்துக்குள் கிறவலை ஒரே தடவையில் கொட்டி நிரப்பினால் முதல் மாரியிலேயே நிலம் இறங்கி வெடிக்கும். 6 அங்குலம் போட்டு, நனைத்து, இடித்து, பிறகு அடுத்த 6 அங்குலம். காணி முழுவதையும் உயர்த்துவதை நான் விரும்புவதில்லை. அது வெள்ளத்தை அயல் வீட்டுக்கு அனுப்புகிற வேலை.

வன்னியில் நிலத்துக்குக் கீழே அறை கட்டுவாரில்லை. ஆனாலும் கீழே இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, மூடிய பதுங்குகுழி. சுவர் அதற்கு மேலே வந்தால், நிரப்பின மண்ணை வழித்தெடுத்து உறுதியான மண் மட்டும் தோண்டி, மேலே சொன்ன மாதிரிப் படைபடையாக இடித்து நிரப்புங்கள். முடிந்தால் வீட்டைத் தள்ளிப் போடுங்கள். மற்றது மலசலகூடக் குழி. பள்ளக்காணியில் மார்கழியில் நிலத்தடி நீர் ஓரிரு அடிக்கு வந்துவிடும். குழிக்குள் இறங்க இடமில்லாமல் எல்லாம் திரும்பி வரும். குழியின் மேல் விளிம்பை வெள்ளக் கோட்டுக்கு மேலே உயர்த்துங்கள். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வையுங்கள். எது கீழ்ப்பக்கம் என்பதையும் கண்ணால் தீர்மானிக்காமல் அந்த மட்டக்குழாயாலேயே பாருங்கள்.