பணியக் கணக்கு என்று தேடினேன்

வணக்கம் நேயர்களே. நான் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிற ஆசிரியர். பாடசாலை விட்ட பிறகும் சனி ஞாயிறுகளிலும் தமிழ் விக்கிப்பீடியாவில் மலையக ஊர்களைப் பற்றி எழுதுகிற நாலைந்து பேரோடு சேர்ந்து நானும் எழுதுகிறேன். அதைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால், அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு இரவில், போனை எடுத்து நான் பிறந்த தோட்டத்தின் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தோட்டத்தின் ஒரு பிரிவைக் கணக்கு என்பார்கள், கீழ்ப்பக்கத்துப் பிரிவு பணியக் கணக்கு. எங்கள் ஆட்கள் சொல்கிற மாதிரி 'பணியக் கணக்கு' என்று போட்டேன், கணக்குப் பாடம் வந்தது. பக்கத்து டவுனின் பெயரைப் போட்டேன். மூன்று வரி இருந்தது. கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர், கொழும்பிலிருந்து இத்தனை கிலோமீட்டர், தேயிலைக்குப் பேர்போன இடம், அவ்வளவுதான். அந்தத் தேயிலைக் கொழுந்தைப் பறிக்கிற கைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியா யாரும் எழுதக்கூடிய கலைக்களஞ்சியம். ஆங்கிலத்தில் 2001இல் தொடங்கியது, தமிழில் 2003இல். எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பக்கத்தின் மேலே 'தொகு' என்று இருக்கும், அதை அழுத்தினால் நீங்களும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதில் பிழை இருந்தால் திருத்தலாம். ஆரம்ப நாட்களில் நம் நாட்டவரான இ. மயூரநாதன் ஐயா தனியொருவராக ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிக் குவித்தார், அந்த உழைப்புக்காக அவருக்குக் கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டத்தின் 2015ஆம் ஆண்டு இயல் விருது கிடைத்தது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. சரி, இலட்சத்துக்கு மேல் கட்டுரை இருக்கிற இடத்தில் எங்கள் தோட்டம் ஏன் இல்லை?

யோசித்துப் பார்த்தால், நம் இடங்கள் எழுத்தில் ஏறிய விதமே அப்படித்தான். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயர் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த 19 ஏக்கரில் காடு வெட்டிக் குழி தோண்டியவர்களின் பெயர்களை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பெர்குசன் டிரக்டரி என்று ஒன்று அச்சாகி வந்தது, தோட்டங்களின் பெயர், ஏக்கர், சொந்தக்காரர், தோட்டத்தை நடத்துகிற துரை என்று எல்லாம் வரிசையாக இருக்கும். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த ஒரு ஆளின் பெயரை அதில் தேடினாலும் கிடைக்காது. முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தனின் பெயர் நமக்குத் தெரியும் என்றால், 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் அவரைச் சுட்டுக் கொன்றதால்தான். மீரியபெத்தை என்ற பெயரை நாடு முழுவதும் எப்போது கேட்டது? 2014 அக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு. இப்படித் துரையின் பெயரால், இல்லாவிட்டால் சாவின் பெயரால்தான் நம் இடங்கள் எழுதப்படுமா? சாதாரணமாக, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு பிள்ளைக் காம்பராவும் ஒரு பாலமும் ஒரு மாரியம்மன் கோயிலும் இருக்கிற தோட்டம், யாரும் சாகாமலே எழுதப்பட வேண்டும். நான் இந்த வேலையில் இறங்கியது அதற்காகத்தான்.

இறங்கின உடனே அடி விழுந்தது. முதல் கட்டுரையை இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன், தாத்தா சொன்னது, பெரியம்மா சொன்னது, எந்த மலையில் முதலில் கோப்பி இருந்தது, எந்த லயம் வெள்ளத்தில் போனது, எல்லாம் போட்டேன். மறுநாள் பார்த்தால் வரிக்கு வரி 'சான்று தேவை' என்று ஒருவர் ஒட்டியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொள்கிற உரையாடல் பக்கத்தில் கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன். எங்களிடம் காகிதம் எங்கே இருந்தது, காகிதம் எல்லாம் துரை பங்களாவில் அல்லவா இருந்தது என்று. முன்பின் தெரியாத அந்த மனிதர் பதில் போட்டார். "ஐயா, உங்கள் தாத்தா சொன்னதை நான் நம்புகிறேன். நாளைக்கு இன்னொருவர் வந்து, தன் தாத்தா வேறு மாதிரிச் சொன்னார் என்றால், படிக்கிறவர் எதை எடுப்பார்? வாருங்கள், சேர்ந்து தேடுவோம்." அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் இன்றைக்கும் இதில் இருக்கிறேன்.

சேர்ந்துதான் தேடினோம். பழைய பதிவுப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று தோட்ட ஆபீசுக்குப் போனேன், மூன்று தடவை அலைய வைத்துவிட்டு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் எங்கள் கூட்டத்தில் இருக்கிற ஒரு தம்பி, தன் அத்தை வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து, கோயில் கும்பாபிஷேகத்துக்கு அச்சடித்த மலர் ஒன்றை எடுத்து வந்தார். நாற்பது பக்கம்கூட இருக்காது. பின் அடித்த கம்பி துருவேறித் தாளைச் சிவப்பாக்கியிருந்தது, அட்டையில் எண்ணெய்க் கறை. உள்ளே கோயில் வரலாறு, கட்டின ஆண்டு, திருவிழா நடக்கும் மாதம், அதற்குப் பிறகு கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் நன்கொடைப் பட்டியல். மேட்டு லயம், பணிய லயம், நடுக் கணக்கு என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஆளின் பெயரும் கொடுத்த காசும். டிரக்டரியில் ஒருத்தரும் எழுதாத பெயர்கள் அத்தனையும் அங்கே அச்சில் இருந்தன, என் தாத்தாவின் பெயரும் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

நன்கொடைப் பட்டியலைக் கட்டுரையில் போட முடியாது, அது கலைக்களஞ்சியத்தின் வேலையும் இல்லை. ஆனால் கணக்குகளின் பெயர்களும் கோயிலின் ஆண்டும் சான்றோடு ஏறின. இந்த மாதிரி மலர்களை எங்கே தேடுவது என்று கேட்டால், 2005இலிருந்து இயங்குகிற நூலகம் இணையத்தளத்தில் முதலில் பாருங்கள். ஈழத்துத் தமிழ்ப் புத்தகங்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் அங்கே படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், மலையகத்து வெளியீடுகளும் நிறைய உண்டு.

அடுத்தது பெயர்ச் சண்டை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களுக்குக் காகிதத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். ஹோலிரூட், டன்சினன் என்று ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்து ஒட்டிய பெயர்கள் வரைபடத்தில் இருக்கும், பஸ்சில் ஏறி இறங்கும் இடத்தை ஆட்கள் வேறு பெயரில் சொல்வார்கள். அட்டன் என்று எழுதுவதா ஹட்டன் என்று எழுதுவதா என்பதற்கே உரையாடல் பக்கத்தில் எத்தனை பேர் மல்லுக்கட்டலாம்! ஒருத்தர் தமிழ் இலக்கணம் என்பார், இன்னொருத்தர் பெயர்ப்பலகை என்பார். விக்கிப்பீடியாவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, வழிமாற்று என்று பெயர். கட்டுரை ஒரு பெயரில் இருக்கும், மற்றப் பெயரைத் தேடினாலும் அதே கட்டுரையில் கொண்டுபோய் விடும். ஆட்கள் வாயில் வழங்குகிற பெயரையும் இப்படி உள்ளே கொண்டுவரலாம். அதற்கும் ஒரு காகிதம் வேண்டும்தான், ஆனால் ஒரு பாடசாலை மலரில் ஒரே ஒரு தடவை அச்சாகியிருந்தால் போதும். லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல், வீட்டுக்கு வருகிற கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்து வருகிற ஆட்களுக்கு, தங்கள் இடத்தின் பெயர் ஒரு இடத்தில் சரியாக எழுதியிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சேர்ந்து எழுதுவதில் இன்னொரு நன்மை, நம் கண்ணுக்குத் தப்பியது அடுத்தவர் கண்ணில் படும். எங்கள் டவுன் கட்டுரையில் யாரோ அழகான தேயிலை மலைப் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள், நாங்களும் ரசித்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து எழுதுகிற ஒரு அம்மா, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்றார். மூலையில் ஒரு பஸ், அதன் நெற்றியில் மலையாள எழுத்து. அது மூணாறு! அன்றைக்கே எடுத்தோம். அடுத்த ஞாயிறு நாங்களே, காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் பிரிக்கிற பிரட்டுக்களத்துக்கு மேலே ஏறி நின்று, பனி விலகும்வரை காத்திருந்து, எங்கள் மலையைப் படமெடுத்துப் போட்டோம்.

மஸ்கெலியா ஆட்களோடு எழுதினபோது வேறு மாதிரி. பழைய மஸ்கெலியா டவுன் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, அணை 1969இல் முடிந்தது. கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் சேற்றுக்கு நடுவில் தலைகாட்டும். அதைப் பார்க்க ஆட்கள் இறங்கிப் போவார்கள், நானும் போயிருக்கிறேன். காலுக்குக் கீழே ஒரு காலத்தில் கடைத்தெரு இருந்தது என்று நினைத்தால் மனசு என்னமோ செய்யும். அந்த டவுனில் கடை வைத்திருந்தவர்கள், அந்தப் பாடசாலையில் படித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை முதலில் யாராவது கேட்டு, பத்திரிகையிலோ புத்தகத்திலோ பேர் போட்டு வெளியிட வேண்டும், பிறகுதான் அது கலைக்களஞ்சியத்துக்குச் சான்றாகும். ஆகவே எழுதத் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் விக்கிப்பீடியாவுக்கு ஓடி வர வேண்டாம், கொஞ்சப் பேர் அந்த வேலையைச் செய்யுங்கள், அதற்கு அவசரம் அதிகம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் வந்ததை அப்படியே ஒட்டாதீர்கள், உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். முதலில் மணல்தொட்டி என்ற பழகுகிற பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் ஆலமரத்தடி என்று ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே கேட்டால் யாராவது பதில் சொல்வார்கள்.

முடிக்கிற முன் ஒரு உதவி கேட்க வேண்டும். நான் சொன்ன அந்தக் கும்பாபிஷேக மலரில் நடுவில் நாலு பக்கம் கிழிந்து போயிருக்கிறது. தோட்டத்துப் பாடசாலை எப்போது தொடங்கியது, முதல் வாத்தியார் யார் என்ற விஷயம் அந்தப் பக்கங்களில்தான் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த பக்கம் "அவருக்குப் பின்னர்" என்று தொடங்குகிறது. மலையகத்தில் எந்தத் தோட்டமானாலும் சரி, உங்கள் வீட்டுப் பெட்டியிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ பழைய கோயில் மலர், பாடசாலை மலர் ஏதாவது இருந்தால், கரையான் முந்திக்கொள்ள முதல் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் போனில் படமெடுத்து வையுங்கள். எடுத்துவிட்டு இந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.