நாய்க்கு ஆளைப் பழக்குதல்

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் ஆற்றிய உரை)

சபையோருக்கு வணக்கம். நான் வாய் திறக்க முன்னமே முன்வரிசையில் ஒரு கைபேசி அலாரம் அடித்தது. ஐயா அதை நிறுத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து குளிசைப் பெட்டியை எடுத்தார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்: மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர். காலை ஏழு, இரவு ஏழு, தவறக்கூடாது. நான் பேச வந்ததும் அந்தக் குளிசையைப் பற்றித்தான்.

நிர்ப்பீடனம், அதாவது உடலின் நோயெதிர்ப்பு, என்பது படலைக்குள் நிற்கும் நாய். வீட்டாருக்கு வாலாட்டும், பிறத்தியார் மேல் பாயும். தம்பி தந்த சிறுநீரகமும் அதற்குப் பெரும்பாலும் பிறத்திதான். டாக்ரோலிமஸ் போன்ற குளிசைகள் நாயை அரைமயக்கத்தில் வைக்கின்றன. சிறுநீரகம் தப்பும், ஆனால் கள்ளன் வந்தாலும் நாய் சரியாகக் குரைக்காது. தொற்றும் சில புற்றுநோய்களும் அந்த இடைவெளியால்தான் நுழைகின்றன. போதாததற்கு, டாக்ரோலிமஸ் தான் காக்கிற சிறுநீரகத்தையே நாட்பட அரிக்கவும் கூடும்.

சரி, மயக்காமல் ஆளைப் பழக்க முடியாதா? வழி காட்டியவை மாடுகள். கருவில் குருதி கலந்த இரட்டைக் கன்றுகள் வளர்ந்த பிறகும் ஒன்றின் கலங்களை (உயிரணுக்களை) மற்றது சுமப்பதை 1945இல் விஞ்ஞானி ரே ஓவன் கண்டார். 1953இல் பீற்றர் மெடவாரும் கூட்டாளிகள் இருவரும் எலிக் கருவுக்குள் வேறு இன எலியின் கலங்களை ஏற்றினார்கள். வளர்ந்ததும், அந்த இனத்துத் தோலை ஒட்டியபோது அந்த எலி அதை ஏற்றுக்கொண்டது. மெடவாருக்கு 1960இல் நோபல் பரிசு.

வளர்ந்த மனிதரைக் கருவுக்குத் திருப்ப முடியாதே! அதனால் சிறுநீரகம் தருபவரின் என்பு மச்சையையும், அதாவது எலும்புக்குள் குருதிக் கலங்கள் உருவாகும் மென்பகுதியையும், சேர்த்து ஏற்றிப் பார்த்தார்கள். அதிலுள்ள மூலக்கலங்களின் வழிவந்தவை தைமஸ் சுரப்பிக்கும் போகும். சொந்தத்தைக் கடிக்கும் குட்டிகளை, அதாவது இளம் நிர்ப்பீடனக் கலங்களை, கழித்துவிடும் இடம் அது. வந்தவரும் அங்கே சொந்தமாகிவிடுவார். இடம் விட, நோயாளியின் மச்சையை முதலில் கடும் மருந்தால் அடக்க வேண்டும். சிலவேளை வந்த கலங்களே வீட்டாரைக் கடிக்கும்; எனக்குப் பயம் அதில்தான்.

பொஸ்டனில் இப்படிச் செய்த ஐவரில் நால்வர் குளிசையை முற்றாக விட்டார்கள் என்று 2008இல் அறிக்கை வந்தது. ஒருவரின் சிறுநீரகம் தப்பவில்லை. விசித்திரம் என்னவென்றால், ஏற்றிய கலங்கள் சில வாரங்களிலேயே குருதியிலிருந்து மறைந்துவிட்டன, பழக்கம் மட்டும் நின்றது. நாயை அடக்கும் இன்னொரு வகை நாய், அதாவது ஒழுங்குபடுத்தும் டி கலங்கள், இதில் பங்கெடுப்பதாகக் கருதுகிறார்கள். அவற்றைக் கண்டறிந்த ஷிமோன் சககுச்சிக்கும் வேறு இருவருக்கும்தான் 2025 மருத்துவ நோபல்.

“எனக்கும் செய்யலாமோ?” என்று ஐயா கேட்டார். இன்னும் ஆய்வு மட்டத்தில்தான் ஐயா. நாளை காலை ஏழு மணிக்கும் அலாரம் அடிக்கட்டும்.