52 ஆட்டங்கள், 7 கோல்கள்

நேயர்களே, வணக்கம்.

கால்பந்தில் முன்கள ஆட்டக்காரரை நாம் கோல் கணக்கை வைத்துத்தான் எடைபோடுகிறோம். அந்தக் கணக்கில் யோவாகிம் லோவ் தேற மாட்டார். ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டெஸ்லிகாவில் அவர் ஆடியது மொத்தம் 52 ஆட்டங்கள், போட்டது 7 கோல்கள். அவ்வளவுதான். 2014இல் உலகக் கோப்பையை வென்ற ஜெர்மனி அணிக்கு கோச் அவர்தான்.

1978இல் ஃப்ரைபுர்க் கிளப்பில் சேர்ந்தபோது அவருக்கு 18 வயது. இரண்டாம் டிவிஷன் அணி அது. நன்றாக ஆடினார். 1980இல் ஸ்டுட்கார்ட் கூப்பிட்டுக்கொண்டது. பெரிய கிளப், பெரிய கனவு. ஆனால் சீசன் தொடங்கும் முன்பே, ஒரு நட்பு ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்துவிட்டது. அந்த வருஷம் லீகில் 4 ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. அப்புறம் ஃப்ராங்க்ஃபர்ட், திரும்பவும் ஃப்ரைபுர்க், பிறகு கார்ல்ஸ்ருஹே, மறுபடியும் அதே ஃப்ரைபுர்க்.

பெரிய இடத்துக்குப் போய்விட்டு, பழைய கிளப்பின் வாசலில் பையோடு வந்து நிற்பது லேசான விஷயமில்லை. அவர் இரண்டு முறை அப்படி வந்து நின்றார். வந்து கோலும் போட்டார். ஃப்ரைபுர்க்குக்காக அவர் போட்ட 83 கோல்கள் நீண்ட காலம் அந்தக் கிளப்பின் சாதனையாக இருந்தன.

29 வயதில் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனுக்குப் போனார். ஆட்ட வாழ்க்கை முடியப்போகிற நேரத்தில் எடுத்த முடிவுதான், ஆனால் அவர் வாழ்க்கையில் முக்கியமான முடிவு அதுவென்று நான் நினைக்கிறேன். அங்கே கோச்சாக இருந்த ரோல்ஃப் ஃப்ரிங்கர் பின்னால் ஸ்டுட்கார்ட்டுக்குப் பொறுப்பேற்றபோது, லோவைத் துணைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டார். 1996இல் ஃப்ரிங்கர் கிளம்பிவிட, தற்காலிகமாகத்தான் லோவிடம் அணியைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஜெர்மன் கோப்பையை வென்று காட்டினார்.

1998 மே மாதம், ஸ்டாக்ஹோம். ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை, அதாவது தங்கள் நாட்டுக் கோப்பையை வென்ற கிளப்கள் மோதும் போட்டி. அதன் இறுதி ஆட்டத்தில் ஸ்டுட்கார்ட், எதிரே இங்கிலாந்தின் செல்சி. 71ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. செல்சி அணி பெஞ்சிலிருந்து ஜான்ஃபிராங்கோ ஜோலாவை இறக்கியது. வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பந்து வலைக்குள். 1-0, கோப்பை போய்விட்டது. அதோடு ஸ்டுட்கார்ட் வேலையும் போனது.

அதற்குப் பிறகு கோச்சாகவும் ஊர் ஊராகத்தான் அலைந்தார். துருக்கியில் ஃபெனர்பாஹ்சே, திரும்பவும் கார்ல்ஸ்ருஹே, அடானாஸ்போர், ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக். இன்ஸ்ப்ரூக்கை 2002இல் சாம்பியன் ஆக்கினார், கிளப்பே திவாலாகிவிட்டது! சாம்பியன் கோச் வேலையில்லாமல் நின்றார். 2004இல் கிளின்ஸ்மன் தேசிய அணியின் கோச் ஆனபோது லோவைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டார். கிளின்ஸ்மன் உலகக் கோப்பை வென்ற ஸ்ட்ரைக்கர், லோவ் சீனியர் தேசிய அணிக்கு ஒருமுறைகூட ஆடாதவர். இரண்டே ஆண்டில் அந்த நாற்காலி லோவிடம் வந்தது. 15 ஆண்டுகள் அதில் இருந்தார்.

இனி ரியோ, மரக்கானா மைதானம், 2014 ஜூலை 13. எதிரே அர்ஜென்டினா. முதல் பாதியிலேயே கிராமர் தலையில் அடிபட்டு வெளியேற, ஷூர்லேயை இறக்கினார் லோவ். 88ஆவது நிமிடம், இன்னும் கோல் இல்லை. உலகக் கோப்பைகளில் அதிக கோல் போட்ட குளோஸேவையே வெளியே எடுத்துவிட்டு, 22 வயது மரியோ கோட்ஸேவை அனுப்பினார். 'மெஸ்ஸியைவிட நீ சிறந்தவன் என்று உலகத்துக்குக் காட்டு' என்று சொல்லி அனுப்பியதாகப் பிறகு அவரே சொன்னார்.

கூடுதல் நேரம், 113ஆவது நிமிடம். இடது ஓரத்தில் ஷூர்லே ஓடினார். தூக்கிப் போட்டார். கோட்ஸே நெஞ்சில் வாங்கினார். பந்து தரையைத் தொடும் முன்பே இடது காலால் திருப்பினார். பெஞ்சிலிருந்து வந்தவர் கொடுக்க, பெஞ்சிலிருந்து வந்தவர் போட்ட கோல் அது.