கண்டுகொள்ளப்படாத முகங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் போட்டோ எடுத்தே பிழைத்தவன் நான். சமூகத்தில் சிலரை யாருமே கண்டுகொள்ளாமல் போவதைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தில் இருந்து கேட்டபோது, ஒரு குரூப் போட்டோதான் உடனே நினைவுக்கு வந்தது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஃபிலிம் காலம் அது. ஓர் அலுவலகத்தின் ஆண்டு விழா. நாற்பது பேர் மூன்று வரிசையாக இருந்தார்கள். முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைக் காட்டி அளவு எடுத்தேன். அவர் நல்ல சிவப்பு. அந்த அளவிலேயே நான்கு படம் எடுத்து முடித்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு பெண் பிரின்ட்டோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். பின்வரிசை ஓரத்தில் நின்றவர். நல்ல கறுப்பு. படத்தில் அவருடைய சட்டைக் காலர் தெரிந்தது, கழுத்துச் சங்கிலி மினுங்கியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல்தான் இருந்தது.

"சார், இதுல நான் எங்க இருக்கேன்?"

"ஃபிலிம் அப்படித்தாம்மா. கறுப்பைச் சரியா எடுக்காது" என்றேன். அதற்கு முன்பும் பலரிடம் சொன்ன பதில்தான்.

"எல்லாருக்கும் ஒரே ஃபிலிம்தானே சார்?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. படத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தெரிய எனக்குப் பல வருடம் ஆனது. ஃபிலிம் தானாக விளைகிற பொருள் இல்லை. எந்த நிறம் எப்படி விழ வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். 1950-களில் இருந்து அமெரிக்காவின் கோடாக் கம்பெனி, பிரின்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டையைக் கொடுத்து வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதன்முதலில் அதற்காக உட்கார்ந்த ஊழியரின் பெயரால் அதற்கு 'ஷெர்லி அட்டை' என்ற பெயர் நின்றுவிட்டது. அந்த முகம் அழகாக விழுந்தால் மெஷின் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். வகுப்புப் படங்களில் கறுப்பினப் பிள்ளைகளின் முகம் காணாமல் போனது பெற்றோருக்குத் தெரியும். ஆனால் ஃபிலிமைத் திருத்தியாக வேண்டும் என்ற நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. மேசை நாற்காலி செய்கிறவர்களும் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் விளம்பரப் படங்களில் தங்கள் சரக்கின் நிறம் சரியாக வரவில்லை என்று புகார் செய்தார்கள். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத்திடம் கோடாக்கில் வேலை பார்த்தவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். மரத்தின் பழுப்புக்குக் கிடைத்த மரியாதை ஒரு குழந்தையின் முகத்துக்குக் கிடைக்கவில்லை. பல இனத்துப் பெண்கள் சேர்ந்து இருக்கும் மாதிரி அட்டை வர 1990-கள் ஆகிவிட்டன.

அந்த அட்டையைச் செய்தவர்கள் யாரையும் வெறுத்துக்கொண்டு அதைச் செய்திருக்க மாட்டார்கள். என்னை உலுக்குவது அதுதான். நானும் அந்தப் பெண்ணை வெறுக்கவில்லையே.

யாரும் யாரையும் வெறுக்காமலேயே ஒரு தரப்புக்கு மட்டும் இப்படிக் கிடைக்கிற வசதியை ஆங்கிலத்தில் பிரிவிலேஜ் என்கிறார்கள். அதைத் தமிழில் சலுகை என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் திருப்தி இல்லை. சலுகை என்றால் கேட்டு வாங்குகிறோம், கொடுத்தவர் யார் என்று தெரியும். இது அப்படியில்லை. பிறக்கும்போதே கூட வருகிறது, கூட இருப்பதே தெரிவதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அந்த மாதிரி. அமெரிக்காவில் பெகி மெக்கின்டாஷ் என்ற வெள்ளைக்கார ஆய்வாளர் 1988-இல் உட்கார்ந்து, வெள்ளை நிறத்தால் தனக்குத் தினமும் என்னென்ன கிடைக்கிறது என்று ஒரு பட்டியலே போட்டார். 46 விஷயங்கள். அதில் ஒன்று, காயத்துக்கு ஒட்டும் பேண்டேஜ். 'சதை நிறம்' என்று விற்கிற பேண்டேஜ் தன் தோலோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்று எழுதினார். அற்ப விஷயம்போலத் தெரியும். ஆனால் கிரேயோலா கம்பெனி 'சதை நிறம்' என்ற பெயரில் ஒரு வெளிர் நிறக் கிரேயானை 1962 வரை விற்றுக்கொண்டிருந்தது. பிறகுதான் அதன் பெயரை 'பீச்' பழத்தின் பெயருக்கு மாற்றினார்கள். மனிதனை வரைந்து வண்ணம் தீட்டு என்று டீச்சர் சொன்னதும், அந்தக் கிரேயானை எடுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு கறுப்பினக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அந்தக் குழந்தைக்கு அன்றைக்கே எல்லாம் புரிந்திருக்கும்.

சரி, இதெல்லாம் பழைய கதை என்று தோன்றலாம். 2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாய் புவோலம்வினியும் அவரோடு டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கணினி மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. முகம் விழாததோடு போனாலும் பரவாயில்லை. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி, அது தோலுக்குள் ஒளியைச் செலுத்தித்தான் கணக்குப் போடுகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 'பரவாயில்லை' என்று காட்டிய கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் பேருக்கு உண்மையில் ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. வெள்ளையரில் அது 3.6 சதவீதம். மூச்சு முட்டுகிறது என்று நோயாளி சொல்கிறார், விரலில் இருக்கும் பெட்டி இல்லை என்கிறது. பெட்டியை நம்பி அவரைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது எவ்வளவு உண்மை. கருவி சரியாக வேலை செய்கிறவர்களுக்கு, அதைச் சந்தேகிக்க ஒரு காரணமும் இருப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கண்டுகொள்ளப்படாதவர்களைக் கண்காணிக்க மட்டும் உலகம் மறப்பதில்லை. இனஒதுக்கல் காலத் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் எந்நேரமும் நடமாட அனுமதி தரும் 'பாஸ்' புத்தகம் வைத்திருக்க வேண்டும், அதில் அவர்கள் படம் இருக்க வேண்டும். அந்தப் படங்களுக்கு எடுத்த உடனே படம் தரும் கேமராக்களைச் செய்த அமெரிக்காவின் போலராய்ட் கம்பெனி சரக்கும் பயன்பட்டது. அங்கே வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத்தவர் இதைத் தெரிந்துகொண்டு 1970-இல் போராட்டம் தொடங்கினார்கள். ஹன்டருக்கு வேலை போனது. கம்பெனி அந்த நாட்டை விட்டு வெளியேற 1977 ஆனது. சக மனிதனாகப் பார்க்க வெளிச்சம் போதாது, சந்தேகத்தோடு பார்க்க மட்டும் வெளிச்சம் தாராளம். டூ பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1903-லேயே எழுதினார்: எந்நேரமும் அடுத்தவர் கண் வழியாகவே தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. அந்தக் களைப்பு அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் தொழிலில் நான் கும்பிடுகிற படம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம், 1968 மார்ச் 28. எடுத்தவர் எர்னஸ்ட் விதர்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்களைக் குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. சுமார் 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். படத்தில் அவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், எல்லார் கையிலும் ஒரே அட்டை: 'நான் ஒரு மனிதன்.' கூலி உயர்வும் கேட்டார்கள், சங்கத்துக்கு அங்கீகாரமும் கேட்டார்கள். ஆனால் அட்டையில் எழுத அவர்களுக்கு வேண்டியிருந்தது இந்த வாக்கியம். தினமும் ஊர்க் குப்பையைத் தலையில் சுமந்தவர்கள், தாங்கள் மனிதர்கள் என்று எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

இப்போது நான் குரூப் போட்டோ எடுக்கும்போது, வரிசையில் மிகவும் கறுத்த முகம் எது என்றுதான் முதலில் பார்க்கிறேன். பெரிய குடை லைட்டை அந்தப் பக்கம் நகர்த்தி, பக்கவாட்டில் இருந்து விழ வைக்கிறேன். கறுத்த தோலுக்கு ஒரு மினுமினுப்பு உண்டு. வெளிச்சம் சரியான கோணத்தில் தொட்டால் கன்ன எலும்பும் நெற்றியும் அப்படியே எழுந்து வரும். சிவந்த முகங்களும் கெடாமல்தான் விழுகின்றன.

அந்த ஆண்டு விழா நெகட்டிவை, ஸ்டூடியோவைக் காலி செய்யும்போது தேடி எடுத்தேன். இப்போது தெரிந்த வித்தையை வைத்து நல்ல பிரின்ட் போட்டு அவரைத் தேடிக் கொடுக்கலாம் என்று ஓர் ஆசை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் அதிகாரியின் முகம் கருமையாக, கெட்டியாகப் பதிந்திருந்தது. வெளிச்சம் பதிந்த இடம் நெகட்டிவில் கறுப்பாகத்தானே இருக்கும். பின்வரிசை ஓரத்தில், அவர் முகம் இருந்த இடத்தில் ஃபிலிம் வெறும் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. பிரின்ட் போட அதில் ஒன்றுமே இல்லை.