ஆள் பார்க்காத கட்டம்

நேயர்களுக்கு வணக்கம். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில், கையில் பொரிப் பொட்டலத்தோடு வண்டியை விட்டு இறங்கியிருப்பீர்கள். குரங்குக்கு உங்கள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. திறந்திருப்பதில் கையை விடும். இணையத்தில் உலவும் 'பாட்' எனும் தானியங்கி நிரல்களும் அந்த ஜாதிதான்.

மலைமேல் சிறிய விடுதி ஒன்றுக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தேன். அறை விசாரிக்க ஒரு படிவம். மே மாதம் வந்ததும் அதன் வழியே கடன் விளம்பரமும் மருந்து விளம்பரமுமாகக் கொட்டின. அந்தக் குப்பைக்கு நடுவே ஒரு குடும்பம், குழந்தைக்கு வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டிருந்தது. உரிமையாளர் கண்ணில் அது பட்டபோது, அவர்கள் வேறெங்கோ தங்கி ஊர் திரும்பிவிட்டார்கள்.

எல்லோரும் சொன்ன மருந்து கேப்ச்சா. கோணல் எழுத்தைப் படித்து, நான் மனிதன்தான் என்று நிரூபிக்கும் தேர்வு. 2009-இல் கூகுள் வாங்கிய ரீகேப்ச்சா, பழைய நூல்களில் கணினி படிக்கத் திணறிய சொற்களை நம்மைக் கொண்டே படிக்கவைத்தது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால், படங்களில் தெருவோரத் தீயணைப்புக் குழாயைத் தேடச் சொன்னால், அப்படி ஒன்றைக் கண்டே இராத சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரி என்ன செய்வார்? கடைக்கு வந்தவரிடம் ரேஷன் கார்டைக் கேட்பது போலத்தான் எனக்குப் படுகிறது. போதாக்குறைக்கு, கூலிக்கு ஆள் வைத்தே இந்தப் புதிரை அவிழ்க்கிறார்கள்.

நான் வேறு வழிக்குப் போனேன். படிவத்தில் கூடுதலாக ஒரு கட்டம் வைத்து, அதைத் திரையில் தெரியாமல் மறைத்தேன். ஆள் அதைப் பார்ப்பதில்லை. நிரலோ பக்கத்தின் மூலக் குறிகளைப் படித்து, கண்ட கட்டத்தையெல்லாம் நிரப்பும், நிரப்பினால் மாட்டிக்கொள்ளும். 'ஹனிபாட்' என்பது இதன் பெயர். பார்வையற்றோரின் திரை வாசிப்பான் அந்தக் கட்டத்தை உரக்கப் படித்துவிடாதபடி அதனிடமிருந்தும் மறைக்க வேண்டும். கூடவே நேரக் கணக்கு: பக்கம் திறந்து இரண்டு வினாடிக்குள் நாலு வரிச் செய்தி வந்தால் தட்டச்சு செய்தது விரல் அல்ல.

இந்தச் சோதனைகளை உலாவியில் மட்டும் வைத்துப் பயனில்லை. பல நிரல்கள் பக்கத்தைத் திறப்பதே இல்லை. தளத்தை நடத்தும் கணினியான சர்வருக்கு நேரே தரவை அனுப்பிவிடும். மின்னஞ்சல் கட்டத்துக்குள் வரிமுறிவை, அதாவது அடுத்த வரிக்குத் தாவச் சொல்லும் குறியைச் செருகி, கூடுதல் பெறுநர்களைச் சேர்க்கும் தந்திரமும் உண்டு. கவனிக்காவிட்டால் உங்கள் சர்வரே ஊருக்கெல்லாம் குப்பை அஞ்சல் அனுப்பும். வரிமுறிவு இருந்தால் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.

மற்றபடி, பொறியில் சிக்கியதை உடனே அழிப்பதில்லை. தனிப் பெட்டியில் சில நாள் வைக்கிறேன். சென்ற கோடையில் அதைப் புரட்டியபோது, இரண்டு அறை கேட்டு ஒரு பெரியவர் எழுதிய கடிதம் கிடந்தது. அவருடைய உலாவி, மறைந்திருந்த கட்டத்தையும் தானாகவே நிரப்பியிருந்தது. 'முகவரி' என்று அதற்குப் பெயர் வைத்தது என் தவறு. விடுதிக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஓர் அறைதான் மிச்சம் இருந்தது. அதையே பெரியவர் எடுத்துக்கொண்டார். அன்று மாலையே கட்டத்தின் பெயரை மாற்றினேன்.