போவதற்கு வழி செய்தவர்கள், வருவதற்கு வழி கேட்டவர்கள்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன்பு அருமையாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் அம்மா அவர்களே, பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டு இங்கே வந்திருக்கும் பெற்றோர்களே, அனுப்பலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, மாணவ மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது.

தலைவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் ஆரம்பித்தால் என் மனசு கேட்காது. ஒரு பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கும் மேல் இருந்தவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை ஓரமாகத் தள்ளிவைக்காமல், ஒவ்வொரு பாடமாக எடுத்து, நம் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பியவர். அந்தக் கையெழுத்தின் அருமை என்ன என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். முதல்வர் அவர்கள் தேர்வு வேலைகளுக்கு நடுவே இந்த அரங்கத்தைத் திறந்துவிட்டிருக்கிறார், அதற்கும் நன்றி. பேராசிரியர் அம்மாவைப் பற்றி அவர்களே சொல்லிக்கொள்ள மாட்டார்கள், நான் சொல்கிறேன். சனிக்கிழமை தவறாமல் உட்கார்ந்து, விண்ணப்பம் போடும் பிள்ளைகளின் கட்டுரைகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறார்கள், ஒரு பைசா வாங்காமல். இன்றைய தலைப்பே அவர்களைப் போன்றவர்களைப் பற்றியதுதான்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். வெளிநாட்டுப் படிப்பை எல்லோருக்கும் எட்டவைக்கப் பாடுபட்டவர்கள். இதில் நான்கு தடைகளைப் பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறோம்: பணம், மொழி, விசா, அப்புறம் படித்த படிப்பைத் திரும்பி வந்த பிறகு ஏற்றுக்கொள்வது. என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எந்த மேடையில் ஏறினாலும் ஒரு பழமொழி வரும் என்று தெரியும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இன்றைக்கும் அதுதான். இந்தத் துறையில் நகர்ந்த அம்மி ஒவ்வொன்றுக்கும் பின்னால் விடாமல் அடித்த ஒரு ஆள் இருக்கிறார்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். ஃபுல்பிரைட் உதவித்தொகை பற்றிக் கேள்விப்படாதவர்கள் இங்கே குறைவு. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கா பல நாடுகளில் லாரிகளையும் தளவாடங்களையும் குவித்து வைத்திருந்தது. அதை அந்தந்த நாடுகளுக்கே விற்க வேண்டிய நிலை, ஆனால் வாங்குகிறவர்களிடம் டாலர் இல்லை. இளவயதில் ஆக்ஸ்ஃபோர்டில் உதவித்தொகையில் படித்த ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் என்ற செனட்டர் ஒரு யோசனை சொன்னார். அவர்கள் பணத்திலேயே கொடுக்கட்டும், அதை மாணவர் பரிமாற்றத்துக்குச் செலவழிப்போம் என்றார். 1946 ஆகஸ்ட் 1 அன்று அது சட்டமானது. போர்க்களத்தில் மிச்சம் கிடந்த இரும்பு ஒரு பிள்ளையின் படிப்புச் செலவாக மாறியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இன்னொருவர் கென்யாவின் டாம் எம்போயா. 1950களின் கடைசியில் கென்ய இளைஞர்கள் பலருக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன, விமானக் கட்டணம்தான் இல்லை. இடம் கிடைத்தும் போக முடியாத கொடுமை. தொழிற்சங்கத் தலைவராக இருந்த அவர் அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பேசிப் பேசிப் பணம் திரட்டினார். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், பாடகர் ஹாரி பெலஃபோன்டே, நடிகர் சிட்னி பாய்ட்டியே என்று பெரிய பெரிய ஆட்கள் துணைக்கு வந்தார்கள். 1959-ல் முதல் விமானத்தில் 81 பேர் போனார்கள். அடுத்த சில வருடங்களில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏறக்குறைய 800 பேர். 1960-ல் போனவர்களில் ஒருவர் வங்காரி மாத்தாய், 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். எம்போயாவை 1969-ல் நைரோபியில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 38.

இனி நான் சொல்லப்போகும் அம்மாவைப் பற்றி எத்தனை மேடையில் சொன்னாலும் எனக்கு அலுக்காது. சோஃபியா கொராடி. இத்தாலிக்காரர், ரோமில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். படிப்பு முடியப்போகிற நேரத்தில் அதே ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து 1957-ல் நியூயார்க் போகிறார். கொலம்பியா பல்கலைக்கழகம், உலகத்தில் எங்கே போய்ச் சொன்னாலும் தலையசைக்கும் பெயர். அங்கே சட்டத்தில் முதுகலைப் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். வயது இருபத்து நாலு. எவ்வளவு சந்தோஷமாக வந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். இன்னும் சில தேர்வுகள் பாக்கி இருந்தன, அங்கே படித்ததை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காகத் தன் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போகிறார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காகிதத்தைப் பார்த்தார். இப்படி ஒரு பல்கலைக்கழகத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்ற தோரணையில், வரிசையில் நிற்கிற அத்தனை மாணவர்களுக்கும் கேட்கும்படி சத்தம் போட்டார். அமெரிக்காவுக்குப் போய் ஊர் சுற்றிவிட்டு வந்து இங்கே மதிப்பெண் கேட்கிறாயா, போய்ப் படி என்கிற அர்த்தத்தில் திட்டி அனுப்பினார். அந்த அம்மா பிற்காலத்தில் பேட்டிகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார், வயதான பிறகும் அந்த அவமானம் அப்படியே இருந்திருக்கிறது.

ஒரு வருடப் படிப்பு, கடல் தாண்டிப் போன தைரியம், ராத்திரி கண் விழித்து எழுதிய தேர்வுகள், எல்லாம் அந்த ஒரு ஜன்னலில் ஒன்றுமில்லாமல் போயிற்று. வேறு யாராவது இருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவரும் பாக்கித் தேர்வுகளை எழுதிப் பட்டம் வாங்கினார், ஆனால் அதோடு விடவில்லை. சில வருடம் கழித்து இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் கூட்டமைப்பில் ஆலோசகர் வேலை கிடைத்தது. பெரிய அதிகாரம் இல்லாத வேலைதான், ஆனால் முடிவெடுக்கிற ஆட்கள் எல்லாம் வந்து போகிற இடம். 1969-ல் ஒரு குறிப்பு எழுதினார். மாணவர் வேறு நாட்டில் போய்ச் சில பாடங்களைப் படிக்கலாம், தேர்வும் அங்கேயே எழுதலாம், என்ன படிக்கப் போகிறார் என்பதற்குச் சொந்தக் கல்லூரி முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்துவிட வேண்டும். முன்கூட்டியே என்ற இந்தச் சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக அலைந்தார். அமைச்சர்கள் மாறினார்கள், அரசாங்கங்கள் மாறின, அவர் மாறவில்லை. 1976-ல் ஐரோப்பிய அளவில் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் சின்ன முயற்சிகள் தொடங்கின. பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய ஆணையத்தில் டொமெனிக்கோ லெனார்டுஸி என்ற அதிகாரி உள்ளிருந்து தள்ளினார், ஃப்ராங்க் பியாங்கெரி போன்ற மாணவர் தலைவர்கள் வெளியிலிருந்து தள்ளினார்கள். 1987 ஜூனில், ஐரோப்பிய நாடுகளுக்குள் மாணவர்கள் போய்ப் படித்துவருவதற்கான எராஸ்மஸ் திட்டம் வந்தது. முதல் வருடம் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள். இன்றுவரை அந்தத் திட்டத்தில் போய்வந்தவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஐரோப்பாவில் அவரை 'மம்மா எராஸ்மஸ்' என்று கூப்பிட்டார்கள், எராஸ்மஸின் அம்மா. 1969-லிருந்து 1987 வரை எண்ணிப் பாருங்கள், 18 வருடம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நான் சும்மாவா சொல்கிறேன்!

அவரைத் திட்டி அனுப்பிய ஜன்னல் இன்றைக்கும் உலகம் முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. என் மாணவி ஒருத்தி, அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள், ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தாள். ஐந்து பாடம், ஐந்திலும் நல்ல மதிப்பெண். சொந்தக் கல்லூரி அலுவலகத்தில் பாடத்தின் பெயர் ஒத்துப்போகவில்லை என்றார்கள். உள்ளே என்ன படித்தாள் என்று யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தையும் மறுபடி எழுதினாள், ஒரு வருடம் போனது, கையில் இருந்த வேலையும் போனது. "சார், நான் போகாமலேயே இருந்திருக்கலாம்" என்று என்னிடம் சொன்னாள். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்துதான் இந்தக் கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு நானும் அலைகிறேன்.

வரலாற்றைப் பார்த்தாலும் இதே கதைதான். 1871-ல் ஜப்பான் அரசு ஐந்து பெண் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது, கடைசிப் பிள்ளை சுடா உமேகோவுக்கு ஆறு வயது. பதினோரு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது தாய்மொழியே மறந்துபோயிருந்தது, அனுப்பிய அரசிடம் அவருக்கென்று ஒரு வேலையும் இல்லை. அவர் சோர்ந்து உட்காரவில்லை, மறுபடி அமெரிக்கா போய்ப் படித்து, அங்கேயே நிதி திரட்டி, ஜப்பானியப் பெண்கள் அங்கே வந்து படிக்க உதவித்தொகை ஏற்படுத்தினார். 1900-ல் பெண்களுக்குக் கல்லூரியும் தொடங்கினார். இப்போது ஜப்பானின் 5,000 யென் நோட்டில் இருப்பது அவர் முகம். சீனாவில், யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் சீனரான யுங் விங், அரசைச் சம்மதிக்க வைத்து 1872-லிருந்து 120 பையன்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1881-ல் அரசு பாதியில் எல்லோரையும் திருப்பி அழைத்துக்கொண்டது. அதற்குள் யேலில் பொறியியல் முடித்துவிட்ட ஒருவர் ஜான் தியென்யோ. ரயில்பாதை போடப் படித்தவரைக் கடற்படைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு அவர்தான் 1905-க்கும் 1909-க்கும் இடையில் பெய்ஜிங்கிலிருந்து மலைகளைத் தாண்டி ஜாங்ஜியாகோவுக்கு ரயில் விட்டார். நடுவில் வீணாகப் போன வருடங்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

இதைத் தொடக்கத்திலேயே சரியாக யோசித்தவரும் உண்டு. ரேமண்ட் கர்க்பிரைட், டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு ஆசிரியர், முதல் உலகப் போருக்குப் போய்வந்தவர். மாணவர்கள் மூன்றாம் வருடத்தை பிரான்சில் படிக்கட்டும் என்றார். பல்கலைக்கழகம் பணம் தர மறுத்தது, அதன் தலைவர் வெளியில் போய் நன்கொடை வாங்கி வந்தார். 1923 ஜூலையில் எட்டே எட்டு மாணவர்களோடு கப்பல் கிளம்பியது. அவர் செய்த பெரிய காரியம் கப்பல் ஏற்றியது இல்லை. அங்கே படித்த வருடம் இங்கே பட்டத்தில் ஒரு வருடமாகவே கணக்கில் சேரும் என்று போகும்போதே உறுதியாக இருந்ததுதான். அதனால்தான் அந்த எட்டுப் பேரோடு நிற்காமல் மற்றக் கல்லூரிகளும் பின்பற்றின.

மொழியைப் பற்றியும் விசாவைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். விசாவுக்கு ஸ்டீஃபன் டகன் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1921-ல் அமெரிக்கா நாட்டுவாரியாக ஒதுக்கீடு வைத்துக் கதவை அடைத்தபோது, மாணவர்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று வாதாடித் தனி விசா வாங்கித் தந்தவர். மொழியையும் சேர்த்து, இரண்டையும் இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நானும் பார்த்துவிட்டேன்.

எனக்கு இன்றைக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். பணம் திரட்டலாம், மொழி கற்றுக்கொள்ளலாம், விசாவும் கிடைக்கும். திரும்பி வந்து நிற்கும்போது படிப்பு செல்லாது என்றால் முதலில் அடிபடுகிறவர் யார்? வசதி உள்ள பிள்ளைக்கு ஒரு வருடம் போனால் போகட்டும், சமாளித்துக்கொள்வார்கள். கடன் வாங்கிப் போன பிள்ளைக்கு அந்த வருடம்தான் எல்லாமே. எராஸ்மஸில் இதற்கு ஒரு எளிய ஏற்பாடு இருக்கிறது: போவதற்கு முன்பே மாணவர், சொந்தக் கல்லூரி, போகிற கல்லூரி என மூன்று தரப்பும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள், இன்னின்ன பாடம், இத்தனை கிரெடிட் என்று. கிரெடிட் என்றால் ஒரு பாடத்துக்கான படிப்பின் அளவு, ஒரு முழு வருடத்துக்கு 60 கிரெடிட். ஒரு நாட்டில் படித்ததை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வது பற்றி 1997-ல் லிஸ்பனில் கையெழுத்தான உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெரிய வேறுபாடு இருக்கிறது என்று காட்ட வேண்டியது மறுக்கிற நிறுவனம்தான், மாணவர் இல்லை. யுனெஸ்கோ இதே நோக்கத்தோடு 2019-ல் உலகம் முழுமைக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்று, அது 2023-ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆக, நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஒரு கிளார்க் மாறினாலும் மாறாத ஒரு தாளைக் கேட்கிறேன்.

எங்கள் மனுவில் மூன்று வரிதான். வெளிநாடு போகிற மாணவருக்கு, கிளம்புவதற்கு முன்பே பாடப்பட்டியலில் கல்லூரி கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு எந்தப் பாடத்தையாவது மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முப்பது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். போன வருடம் இதை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனோம், அமைச்சரிடம் கொடுங்கள் என்றார்கள். அங்கே போனோம், கல்லூரிகளிடம் பேசுங்கள் என்றார்கள். பேசிக்கொண்டே இருக்கிறோம். அடி மேல் அடி.

முதல்வர் அவர்களிடம் மேடையிலேயே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது: இந்தக் கல்லூரியிலிருந்து அடுத்த செமஸ்டர் போகப்போகிற பிள்ளைகளுக்கு அந்தத் தாளை நீங்களே முதலில் கொடுங்கள். மாதிரிப் படிவத்தைத் தலைவர் அவர்களே எழுதித் தந்திருக்கிறார், இரண்டு பக்கம்தான், என் பையில் இருக்கிறது, இறங்கியதும் தருகிறேன். மற்றவர்களுக்கு, வெளியே வாசலை ஒட்டி ஒரு மேசை போட்டிருக்கிறோம், மனுவும் பேனாவும் அங்கே இருக்கின்றன. முழுப் பெயர், படிக்கும் வருடம், கையெழுத்து. வெளிநாட்டில் படித்துத் திரும்பி வந்து இப்படி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இங்கே இருந்தால், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், உங்களோடு எனக்குப் பேச வேண்டும், நான் அங்கேயேதான் நிற்பேன். வணக்கம்.